மூன்றாவது பலகை

நுழையும்முன்

பழுதடைந்த பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது எளிது. அது ஏன் பழுதடைந்தது என்று அறிவதற்குப் பொறுமை வேண்டும். காரணம் அறியாமல் பொருத்திய புதிய பொருளும் பழையதன் வழியிலேயே போய்விடக்கூடும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எந்திரன் ஒன்றைச் செய்த அக்காளும் தம்பியும் இதனை எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கோட்டில் ஓடும் எந்திரன்

புனே நகரை அடுத்த போசரித் தொழிற்பேட்டையில் அவர்களின் தந்தை மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் பணியாற்றுகிறார். இளமையில் கோயம்புத்தூரில் அத்தொழிலைக் கற்றவர். தாய் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறார். அக்கா ஒன்பதாம் வகுப்பிலும் தம்பி ஏழாம் வகுப்பிலும் படிக்கின்றனர்.

வெள்ளைத் தாளில் ஒட்டிய கறுப்பு நாடாவின் வழியே தானாக ஓடும் எந்திரனை அவர்கள் செய்திருந்தனர். அதன் முன்புறத்தில் இரண்டு உணரிகள் இருந்தன. அவை அகச்சிவப்பு ஒளியைத் தாளின்மீது வீசும். வெள்ளைப் பரப்பு அவ்வொளியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு நாடா உறிஞ்சிக்கொள்ளும். இவ்வேறுபாட்டைக் கொண்டு எந்திரன் தான் கோட்டில் நிற்கிறதா, விலகிவிட்டதா என்பதை நுண்கட்டுப்படுத்தி அறிந்துகொள்ளும். அதற்கேற்ப இடச் சக்கரத்தையோ வலச் சக்கரத்தையோ நிறுத்தியும் ஓட்டியும் வண்டியைத் திருப்பும்.

ஆனால், நுண்கட்டுப்படுத்தியால் ஒரு மோட்டாரைத் தானே நேராக இயக்க இயலாது. அதன் ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே அச்சமின்றி எடுக்கலாம். சிறிய மோட்டாருக்கோ அதைப்போலப் பல மடங்கு தேவை. எனவே இரண்டுக்கும் இடையில் மோட்டார் இயக்கிப் பலகை என்னும் மின்சுற்றுப் பலகையைப் பொருத்துவர். ஏரி மதகின் பலகையை ஒருவர் கையால் உயர்த்தினால் பெருவெள்ளம் பாய்வதுபோல, நுண்கட்டுப்படுத்தி அனுப்பும் சிறு குறிப்பை ஏற்று மின்கலத்திலிருந்து பெரிய மின்னோட்டத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுவது இப்பலகையின் வேலை. எல் 298 என்னும் சில்லு பொருத்தப்பட்ட பலகையை அவர்கள் பயன்படுத்தினர். ஒரு பக்கத்திற்கு 2 ஆம்பியர் வரை அது தாங்கும்.

இருமுறை எழுந்த புகை

கண்காட்சி திங்கட்கிழமை நடைபெற இருந்தது. அதற்கு முந்தைய புதன்கிழமை மாலை எந்திரனை ஓடவிட்டபோது வலச் சக்கரம் ஒருமுறை துள்ளி நின்றது. அடுத்த நொடியே கருகல் நாற்றம் எழுந்தது. அக்கா விரைந்து மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கினாள். சில்லின் மேல்தோல் வெடித்து, அவ்விடத்தில் கரி படிந்திருந்தது.

"விலை குறைந்த பலகை, அதனால்தான் இப்படி ஆயிற்று" என்றாள் அக்கா. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. தாய் தைத்துச் சேர்த்த பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை புதிய பலகை வந்தது. பழைய பலகையில் எந்தக் கம்பி எங்கே இருந்ததோ அவ்வாறே புதியதிலும் பொருத்தினர். இணைப்புக் கொடுத்த சில நொடிகளில் அதே நாற்றம், அதே புகை.

மீண்டும் தாயிடம் கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஒரே மாற்றுப் பலகையை ஆசிரியர் கடனாகக் கொடுத்தார். "கண்காட்சி முடிந்ததும் ஆய்வகத்திற்குத் திரும்ப வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு இது தேவைப்படும்" என்று சொல்லியே கொடுத்தார்.

அன்றிரவு தந்தை வீடு திரும்பியபோது அக்கா திருப்புளியுடன் மூன்றாவது பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மேசையின் ஓரத்தில் கருகிய பலகைகள் இரண்டும் கிடந்தன. தந்தை அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதையும் கருக்கப் போகிறாயா, கண்ணு?"

அக்காவின் கை நின்றது.

பட்டறையில் கற்றது

தந்தை கைகழுவிவிட்டு வந்து அமர்ந்தார். "எங்கள் பட்டறைக்குக் கருகிய மோட்டார்கள் நாள்தோறும் வரும். காயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தால் மோட்டார் ஓடும். ஆனால், காரணம் பார்க்காமல் கொடுத்தால் அதே மோட்டார் ஒரு வாரத்தில் திரும்பி வரும். சில மோட்டார்களில் பேரிங் இறுகியிருக்கும். சிலவற்றில் மூன்று ஃபேஸில் ஒன்று வராமல் போயிருக்கும். சிலவற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும். காயில் கருகியது நம் கண்ணுக்குத் தெரியும். அதைக் கருக்கியது பெரும்பாலும் வேறோர் இடத்தில் இருக்கும்."

பின்னர் அவர் மூன்று கேள்விகள் கேட்டார். புகை வருவதற்கு முன் என்ன நிகழ்ந்தது? எந்தப் பக்கம் முதலில் நின்றது? எந்திரன் நன்றாக ஓடிய கடைசி நாளுக்கும் கருகிய நாளுக்கும் இடையில் யார் எதைத் தொட்டார்கள்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு அக்கா விடை கூறினாள். மூன்றாவது கேள்விக்கு, "யாரும் எதையும் தொடவில்லை, அப்பா" என்றாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேடல்

முதலில் மின்கலத்தை முற்றிலும் அகற்றினர். எந்திரனில் இரண்டு லித்தியம் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. முழுமையாக மின்னேற்றினால் அவை 8.4 வோல்ட் தரும். இவ்வகை மின்கலத்தின் இரு முனைகளும் நேராக ஒன்றையொன்று தொட்டால் தீப்பற்றக்கூடும். ஆகவே, பழுது தேடும்போது மின்கலம் சுற்றில் இருத்தல் கூடாது.

அடுத்து, கருகிய பலகைகள் இரண்டையும் விளக்கின்கீழ் அருகருகே வைத்துப் பார்த்தனர். மல்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பலகையின் தரைமுனையிலும் மற்றொன்றை மோட்டாருக்குச் செல்லும் ஒவ்வொரு வாயிலிலும் வைத்து அக்கா அளந்தாள். முதல் பலகையில் இடப்பக்க வாயில்கள் நன்றாக இருந்தன. வலப்பக்க வாயில்கள் பழுதாகியிருந்தன. இரண்டாவது பலகையிலும் அவ்வாறே.

"இரண்டு பலகைகள், இரண்டு நாட்கள். ஆனால், செத்தது ஒரே பக்கம். இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது?" என்று தந்தை கேட்டார்.

அக்கா சற்றே சிந்தித்தாள். "பலகை மட்டமானதாக இருந்திருந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் போயிருக்க வேண்டியதில்லை. வலப்பக்கத்தில் இணைத்திருப்பது வல மோட்டார். பழுது அங்கே இருக்கலாம்."

மோட்டார்கள் இரண்டையும் பலகையிலிருந்து கழற்றினர். மல்டிமீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டபோது 0.3 ஓம் காட்டியது. அது அக்கம்பிகளின் மின்தடை. இட மோட்டாரை அளந்தபோது ஏறத்தாழ 6 ஓம் காட்டியது. சக்கரத்தை மெல்லச் சுழற்றினால் அந்த எண் ஏறி இறங்கியது. நலமான மோட்டாரின் இயல்பு அதுவே. வல மோட்டார் 0.4 ஓம் காட்டியது. சக்கரத்தை எவ்வளவு சுழற்றினும் அந்த எண் மாறவில்லை. மின்னோட்டம் மோட்டாரின் கம்பிச்சுருளுக்குள் செல்லாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது என்பது இதன் பொருள். இதனைக் குறுக்குச்சுற்று என்பர். பட்டறையில் 'ஷார்ட்' என்பர்.

வல மோட்டாரின் முனையில் கறுப்பு நாடா தடிமனாகச் சுற்றப்பட்டிருந்தது. அக்கா அதைப் பிரிக்கக் கை நீட்டினாள்.

"அக்கா, அந்த நாடாவைச் சுற்றியவன் நான்தான்" என்றான் தம்பி.

செவ்வாய்க்கிழமை அவன் எந்திரனை அலமாரியிலிருந்து எடுத்தபோது கம்பி எதிலோ மாட்டி, மோட்டாரின் முனையிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. பற்றாசு வைக்க அவனுக்குத் தெரியாது. கம்பியின் மெல்லிய இழைகளைக் கையால் முறுக்கி, முனையில் சுற்றி, மேலே நாடா ஒட்டிவிட்டான். சக்கரம் ஓடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டான். முதல் பலகை கருகியபோது ஐயம் எழுந்தது. இரண்டாவது கருகியபோது உறுதியாகத் தெரிந்தது. ஆயினும் வாய் திறக்கவில்லை.

நாடாவைப் பிரித்தபோது செப்பு இழைகள் சில விலகி, அடுத்த முனையைத் தொட்டுக்கொண்டிருந்தன. எந்திரன் குலுங்கிக் குலுங்கி ஓடியதால் அவை மெல்ல மெல்ல நகர்ந்து அங்கே சேர்ந்திருந்தன.

"இரண்டு பலகைகள்! அம்மாவின் பணம்! நேற்றே சொல்லியிருக்கலாமே!" என்று அக்கா சினந்தாள்.

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார் தந்தை. "முதல் பலகை கருகியபோது நீ இவனிடம் ஏதேனும் கேட்டாயா, கண்ணு?"

அக்கா கேட்கவில்லை. கடையில் விற்ற பலகையின்மீது பழியைப் போட்டிருந்தாள். போன மாதம் உணரியின் கம்பியை அவன் அறுத்துவிட்டபோது, "இனி இதைத் தொட்டால் பார்!" என்று தான் அதட்டியதும் அவளுக்கு நினைவு வந்தது. சிறிது நேரம் மூவரும் பேசவில்லை.

கணக்கு சொல்வது

சில இழைகள் ஒன்றையொன்று தொட்டதால் ஒரு சில்லு ஏன் வெடிக்க வேண்டும்? மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை செருமானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

எந்திரனின் மின்கலம் ஏறத்தாழ 8 வோல்ட் தருகிறது என்க. அதில் ஏறத்தாழ 2 வோல்ட்டை இயக்கிப் பலகையின் சில்லே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 6 வோல்ட் மோட்டாரை அடையும். மோட்டாரின் மின்தடை 6 ஓம் எனில், அது நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது 1 ஆம்பியர் பாயும். பலகை தாங்குவது 2 ஆம்பியர், ஆகவே இடரில்லை. மின்தடை 0.4 ஓம் ஆகிவிட்டால் கணக்குப்படி 15 ஆம்பியர் பாய வேண்டும். மின்கலமும் சில்லும் அவ்வளவைத் தர இயலா. எனினும் 2 ஆம்பியர் என்னும் எல்லை நொடியில் கடக்கப்பட்டுவிடும்.

மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கும். ஒரே மின்தடையில் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும். இதனைக் கண்டறிந்தவர் ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஜூல். அந்த வெப்பத்தைத் தாங்காமலே இரண்டு சில்லுகளும் கருகின.

செப்பனிடுதல்

சனிக்கிழமை காலை தந்தை பற்றாசுக் கோலைத் தம்பியின் கையில் கொடுத்தார். தாம் மோட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டார். தம்பி இழைகளை நன்கு முறுக்கினான். முனையைச் சூடாக்கிப் பற்றாசு வைத்தான். ஒவ்வோர் இணைப்பின்மீதும் வெப்பத்தால் சுருங்கும் உறையைத் தனித்தனியே மாட்டினான். மீண்டும் அளந்தபோது வல மோட்டாரும் ஏறத்தாழ 6 ஓம் காட்டியது.

மின்கலத்தின் கம்பியில் மின்னுருகு இழை ஒன்றையும் அக்கா சேர்த்தாள். இழை உருகுவதற்குள் சில்லு கருகிவிடுவதும் உண்டு. ஆயினும், கம்பியும் மின்கலமும் தீப்பற்றாமல் அது காக்கும்.

அதன் பிறகே மூன்றாவது பலகையைப் பொருத்தினர். சக்கரங்கள் தரையில் படாதவாறு எந்திரனை ஒரு பெட்டியின்மேல் தூக்கி வைத்து இணைப்புக் கொடுத்தனர். புகை இல்லை, நாற்றம் இல்லை. சக்கரங்கள் இரண்டும் சுழன்றன. அக்கா புறங்கையைச் சில்லின் அருகே கொண்டுசென்று வெப்பம் மிகுகிறதா என்று பார்த்தாள். பின்னர் கறுப்பு நாடாவின்மீது இறக்கிவிட்டனர். எந்திரன் வளைவில் திரும்பி ஓடியது.

திங்கட்கிழமை கண்காட்சி மேசையில் எந்திரனுக்கு அருகில் கருகிய பலகைகள் இரண்டும் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்கீழ் ஒரு தாள் இருந்தது. நிகழ்ந்ததைத் தம்பி தன் கையெழுத்தில் எழுதியிருந்தான். பார்வையாளர் பலர் எந்திரன் ஓடுவதைப் பார்த்தபின் அத்தாளையும் நின்று படித்தனர். செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது பலகை நல்ல நிலையில் ஆய்வகத்திற்குத் திரும்பியது.

தெரிந்து தெளிவோம்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிப்பொறியில் பழுது ஏற்பட்டது. தேடிப் பார்த்தபோது ரிலே ஒன்றினுள் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பணிப்பதிவேட்டிலேயே ஒட்டிக் குறிப்பும் எழுதிவைத்தனர். அப்பதிவேடு இன்றும் வாசிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. பழுதை 'பூச்சி' என்று குறிப்பிடும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே அச்சொல்லைப் பயன்படுத்தியுள்ளார்.

சொல்லும் பொருளும்

உணரி – ஒளி, வெப்பம் போன்றவற்றை அறிந்து குறிப்பு அனுப்பும் கருவி
மதகு – ஏரி நீரைத் திறந்துவிடும் வாயில்
சில்லு – பல நுண்ணிய உறுப்புகள் அடங்கிய மின்னணுத் துண்டு
மின்தடை – மின்னோட்டத்தைத் தடுக்கும் பண்பு
குறுக்குச்சுற்று – மின்னோட்டம் உரிய வழியை விட்டுக் குறுக்கே பாய்தல்
பற்றாசு – தான் உருகி உலோக முனைகளை ஒட்டும் பொருள்
மின்னுருகு இழை – மின்னோட்டம் மிகும்போது உருகிச் சுற்றைத் துண்டிக்கும் கம்பி

மொழியை அறிவோம்

தம்பி தாளில் முதலில், "கம்பி பிய்ந்தது. இழைகள் விலகின. பலகை கருகியது" என்று எழுதினான். இவ்வினைகள் செயப்படுபொருளை ஏற்பதில்லை. இவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். இத்தொடர்களில் பிழை ஏதும் இல்லை. ஆனால், யார் என்ன செய்தார் என்பது இவற்றில் தெரியவில்லை.

பின்னர் அவன் அதனை அடித்துவிட்டு, "நான் கம்பியைப் பிய்த்துவிட்டேன். இழைகளைக் கையால் முறுக்கினேன். நாடாவைச் சுற்றி அதனை மறைத்தேன்" என்று எழுதினான். கம்பியை, இழைகளை, நாடாவை, அதனை என்பன செயப்படுபொருள்கள். இவ்வினைகள் செயப்படுபொருள் குன்றா வினைகள்.

பிய்ந்தது – பிய்த்தான். கருகியது – கருக்கினான். உடைந்தது – உடைத்தான். உருகியது – உருக்கினான். இவற்றின் வேறுபாட்டை உரக்கப் படித்து உணர்க.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நுண்கட்டுப்படுத்தி மோட்டாரை நேராக இயக்க இயலாதது ஏன்?
2. தந்தை கேட்ட மூன்று கேள்விகள் யாவை?
3. பழுது வல மோட்டாரில் இருக்கலாம் என்று அக்கா எவ்வாறு உய்த்துணர்ந்தாள்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. இரண்டாவது பலகை கருகியதற்குத் தம்பி மட்டுமே பொறுப்பா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. பழுது தேடும்போது செய்ய வேண்டியவற்றை இப்பாடத்திலிருந்து வரிசைப்படுத்துக.

இ. செயப்படுபொருள் குன்றா வினையாக மாற்றி எழுதுக.
1. கண்ணாடி உடைந்தது.
2. விளக்கு அணைந்தது.
3. கயிறு அறுந்தது.
4. பால் கொட்டியது.

ஈ. கணக்கிடுக.
மோட்டாரை 6 வோல்ட் அடைகிறது. அதன் மின்தடை 4 ஓம். புறப்படும்போது பாயும் மின்னோட்டம் எவ்வளவு? எல் 298 சில்லு அதனைத் தாங்குமா?

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் இருந்தால் அவரைக் கண்டு, "ஒரே பழுது மீண்டும் மீண்டும் வரக் காரணம் என்ன?" என்று தமிழில் கேட்டு எழுதுக. அவர் தம் தொழிலில் வழங்கும் சொற்கள் ஐந்தையும் தொகுக்க.
2. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் படிக்க. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்து மருத்துவம் செய்யுமாறு கூறும் குறளைக் கண்டறிந்து, இப்பாடத்துடன் ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.
3. நீங்கள் செய்த ஒரு பொருள் பழுதடைந்த நிகழ்வை, யார் என்ன செய்தார் என்பது தெளிவாகத் தெரியுமாறு பத்துத் தொடர்களில் எழுதுக.